29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: நான் கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மயிலாடுதுறையில் வசிக்கிறேன். 2014இல் வாங்கிய ஸ்விஃப்ட் கார் என் பெயரில் இருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு இரவில் ஓட்டத் தயக்கமாக இருப்பதால் விற்றுவிட நினைக்கிறேன். காரைக்காலில் இருக்கும் ஒரு தம்பி, என் மகனுடைய நண்பரின் உறவினர், 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்குக் கேட்கிறார். முழுத் தொகையையும் ரொக்கமாகவே தருகிறாராம். "29, 30 ஃபாரங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள் சார், பெயர் மாற்றத்தை நான் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளவும் சம்மதிக்கிறார். கார் கடனை 2019இல் அடைத்துவிட்டேன். ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறது. இன்ஷூரன்ஸ் முடிய இன்னும் நான்கு மாதம். தெரிந்த பையனிடம் போய் ஆயிரம் காகிதம் கேட்டு மானத்தை வாங்காதீர்கள் என்கிறான் என் மகன். நான் என்ன செய்யட்டும்?
— மயிலாடுதுறை வாசகர்

பதில்: ஐயா, நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே அந்தத் தாள்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர் என்ற முறையில் இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரணம் எளிமையானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, வாகனம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. காசு யார் கொடுத்தார்கள், சாவி யார் கையில் இருக்கிறது, வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதையெல்லாம் விபத்து வழக்கில் அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உச்ச நீதிமன்றமே 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கு அது. பதிவுப் பெயர்க்காரர் 2007இலேயே காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு விற்றார், இப்படியே கார் கைமாறிக்கொண்டே போனது. 2009இல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்துபோனான். இத்தனை கை மாறியும் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயர் மாறவே இல்லை. இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். பதிவாகாத விற்பனைகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு உண்மையான உரிமையாளர் யார் என்று தேடி அலையும் சுமையை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் தலையில் வைக்க முடியாது என்பதுதான் அதன் நியாயம். அந்த நியாயத்தை நானும் முழு மனதுடன் ஏற்கிறேன். பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் வேறு எப்படியும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதை உங்கள் காருக்குப் பொருத்திப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கும்வரை, மூன்றாம் நபருக்கான, அதாவது கார் மோதிப் பாதிக்கப்பட்டவருக்கான, இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கட்டிவிடும். நான்கு மாதம் கழித்து பாலிசி முடியும்போது அதைப் புதுப்பிப்பாரா என்பது முழுக்க அந்தத் தம்பியின் கையில் இருக்கிறது. பெயர் மாற்றத்தையே மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பவர் பாலிசியை மட்டும் நாள் தவறாமல் புதுப்பிப்பார் என்று எப்படி நம்புவது? இன்ஷூரன்ஸ் இல்லாத நேரத்தில் விபத்து நடந்தால் ஓட்டியவரும் உரிமையாளரும் சேர்ந்து கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வரும். ஓட்டியவரிடம் ஒன்றும் இல்லை என்றால் உங்கள் வீட்டைத்தான் தேடி வருவார்கள். விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் சான்றிதழ் கொடுத்தால் அந்தத் தொகையை மாவட்ட ஆட்சியர் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்று அதே சட்டத்தின் 174ஆம் பிரிவு சொல்கிறது. விபத்து மட்டும் இல்லை, வேறு ஆபத்தும் உண்டு. உரிமம் வாங்கும் வயது வராத பையன் ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி வாகன உரிமையாளர் மீதும் வழக்கு வரும். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அதற்கான தண்டனை. வண்டி எப்போதோ கைமாறிவிட்டது, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில் விழும்.

இப்போது அந்த நோட்டரி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். அது பயனில்லாத காகிதம் என்று சொல்ல மாட்டேன். நாளை உங்கள் கைப்பணத்தைக் கட்ட நேர்ந்தால், அதை அந்தத் தம்பியிடமிருந்து திரும்ப வாங்குவதற்குத் தனி வழக்குப் போட அது உதவும். ஆனால் விபத்தில் கால் இழந்தவரிடம் அதை நீட்ட முடியாது. தீர்ப்பாயத்தில் இப்படி வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கும். மடிப்புக்கு மடிப்பு கிழிந்துபோன முத்திரைத்தாளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரமாக எடுத்து, "இதோ பாருங்கள், நோட்டரி முத்திரை இருக்கிறது, நான் விற்றுவிட்டேன்" என்பார்கள். விற்றது உண்மைதான். மனுவில் இரண்டாம் எதிர்மனுதாரர் என்று அச்சாகியிருக்கும் பெயரும் அவர்களுடையதுதான். அந்த இரண்டாம் இடம், ஓட்டுநருக்கு அடுத்து, உரிமையாளருக்கு உரியது.

29ஆம் படிவத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இன்ன எண்ணுள்ள வாகனத்தை, இன்ன தேதியில், இன்னாருக்கு விற்று ஒப்படைத்துவிட்டேன் என்று பதிவு அதிகாரிக்கு நீங்கள் தரும் அறிவிப்பு அது. தேதி, வாங்கியவரின் பெயர், அவருடைய முகவரி ஆகிய மூன்றும்தான் அதன் உயிர். அவற்றை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், காரை வாங்கியவர் நாளை இன்னொருவருக்கு விற்று அவர் பெயரை அந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம். தரகர்களுக்கு அது வசதி. நடுவில் கார் யாரிடம் எத்தனை மாதம் இருந்தது என்பதற்கு எங்கேயும் தடம் இருக்காது, உங்கள் பெயரைத் தவிர.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். காரைக்கால் உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். டி.என். எண்ணுள்ள கார் அங்கே இருப்பவர் பெயருக்கு மாற வேண்டுமானால், தமிழ்நாட்டில் காரைப் பதிவு செய்து வைத்திருக்கும் அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இதற்கு 28ஆம் படிவம். அதை விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்கள், அந்தத் தம்பி இல்லை. ஆகவே "மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னாலும் அவரால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. உங்களுக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல், உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் வேலை நகராது. அதனால்தான் இப்படிப்பட்ட வண்டிகள் பழைய எண்ணுடனேயே ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. இரண்டு ஊருக்கும் இடையே தினமும் போய்வரும் வண்டியை யாரும் நிறுத்தி, ஏன் எண் மாறவில்லை என்று கேட்கப்போவதில்லை.

ஆகவே வேலையை நீங்களே இந்த வரிசையில் தொடங்குங்கள்.

முதலில் வங்கி. கடன் அடைந்தது 2019இல் என்றாலும் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு இருக்கும்வரை வேறு எதுவும் நடக்காது. வங்கி அப்போதே கடிதமும் 35ஆம் படிவமும் கொடுத்திருக்கும், பீரோவில் எங்காவது இருக்கலாம். ஆனால் இத்தனை பழைய கடிதத்தை அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள் என்பதால் அதைத் தேடி நேரத்தை வீணாக்காமல் புதிதாகக் கேளுங்கள். கடன் வாங்கிய வங்கி 2020இல் வேறு வங்கியுடன் இணைந்திருந்தால் கடிதம் இப்போதைய வங்கியின் பெயரில் வர வேண்டும். இதைக் கேட்டால் கிளையில் கொஞ்சம் இழுத்தடிப்பார்கள், விடாமல் கேளுங்கள். வாகனப் பதிவு வேலைகளுக்கான அரசின் பரிவாஹன் இணையதளத்தில் அடமான நீக்கத்துக்கு விண்ணப்பிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: பதிவில் இருக்கும் முகவரியும் கைபேசி எண்ணும் இன்று உங்களுடையவைதானா? தமிழ்நாட்டில் 2024 முதல் ஆர்.சி. விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகிறது. பழைய முகவரி இருந்தால் அஞ்சல் திரும்பிப் போய்விடும். கைபேசி எண் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சில தரகர்கள் வேலை சுலபமாகும் என்று சொல்லித் தங்கள் எண்ணையே பதிவில் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஓ.டி.பி. எல்லாம் அவர்களுக்குத்தான் போகும், உங்கள் காரின் பெயரில் என்ன விண்ணப்பம் போகிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

அடமானக் குறிப்பு நீங்கிய ஆர்.சி. கைக்கு வந்ததும் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் இ-சலான் நிலுவை ஏதும் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்து, இருந்தால் கட்டிவிடுங்கள். எப்போதோ சென்னையில் சிக்னல் தாண்டியதற்குப் போட்ட அபராதம் உங்களுக்குத் தெரியாமலே கிடக்கலாம். 28ஆம் படிவத்தில் சேஸிஸ் எண்ணின், அதாவது காரின் அடிச்சட்ட எண்ணின், பென்சில் பதிவை ஒட்ட வேண்டும். எண் பொறித்திருக்கும் இடத்தை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளியும். அந்த எண்ணை ஆர்.சி.யில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே தெரிவது நல்லது. திருட்டு வழக்கு ஏதும் இல்லை என்று காவல் துறை அறிக்கையும், வரி பாக்கி இல்லை என்பதும் உறுதியான பிறகே சான்று தருவார்கள். விண்ணப்பித்த 30 நாளுக்குள் தர வேண்டும், அல்லது மறுக்கும் காரணத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். எந்தப் பதிலும் வரவில்லை என்றால் சான்று கொடுத்ததாகவே கருதப்படும்.

இத்தனை நாளும் கார் உங்கள் வீட்டிலேயே நிற்கட்டும். விலை பேசி முடித்ததற்கு அடையாளமாக ஒரு சிறு தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் வங்கிக் கணக்கில். தம்பி அவசரப்பட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். காத்திருக்க மனமில்லாதவருக்கு நீங்கள் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பணம் பற்றி. வருமான வரிச் சட்டப்படி ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம், அதுவும் வாங்கியவருக்கு. இங்கே வாங்குகிறவர் நீங்கள். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று பிரித்தாலும் கார் ஒன்று, விற்பனை ஒன்று, ஆகவே தடை பொருந்தும். வங்கி வழியாகவே வரட்டும். பணம் அனுப்பியதற்கான கைபேசிப் படத்தைப் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கிலோ செயலியிலோ பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த காரை விற்றதற்காக உங்களுக்கு மூலதன ஆதாய வரியோ ஜி.எஸ்.டி.யோ வராது, அந்தக் கவலை வேண்டாம்.

சான்று கைக்கு வந்த பிறகு ஒரே நாளில் மற்றதை முடியுங்கள். பணம் ஏறியதும் 29, 30 படிவங்களை முழுமையாக நிரப்புங்கள். 30ஆம் படிவத்தில் உங்களுக்கு ஒரு பகுதி, வாங்குபவருக்கு ஒரு பகுதி. உங்கள் பகுதியில் நீங்கள் கையெழுத்துப் போடும்போதே அவரும் உங்கள் கண் முன்னால் அவர் பகுதியில் போடட்டும். பிறகு டெலிவரி ரசீது. இதைத்தான் பலரும் அலட்சியமாக எழுதுகிறார்கள். தேதியோடு மணியையும் நிமிடத்தையும் எழுதுங்கள். கார் எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், அந்த நேரத்தில் மீட்டரில் ஓடியிருந்த கிலோமீட்டர், எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இந்த நிமிடம் முதல் இந்த வாகனத்தால் வரும் எல்லாப் பொறுப்பும் தன்னுடையது என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அவருடைய ஆதார், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களில் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். மாலை நான்கு மணிக்குக் கொடுத்த கார் ஆறு மணிக்கு எங்காவது ஒரு குற்றத்தில் சிக்கினால், காவல் நிலையத்திலிருந்து முதல் போன் உங்களுக்குத்தான் வரும். அப்போது உங்களைக் காப்பது இந்த ரசீது. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும், ஆர்.சி.யின் இரண்டு பக்கங்களும் உட்பட.

அன்றைக்கே இருவரும் அதே காரில் காரைக்கால் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்விடுவது இன்னும் நல்லது. வேறு மாநில வண்டிக்குப் புது எண் ஒதுக்கக் காரை நேரில் காட்ட வேண்டியிருக்கும். அங்கே அவர் 27ஆம் படிவத்தில் எண் மாற்றத்துக்கும் 30ஆம் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்து, அந்த ஒப்புகைச் சீட்டின் நகலை உங்களிடம் கொடுக்கட்டும். சட்டம் வாங்கியவருக்குத் தரும் அவகாசம் 30 நாள். வேறு மாநிலத்துக்கு விற்றவர் என்ற முறையில் உங்களுக்கு 45 நாள் இருக்கிறது (உள்ளூரிலேயே விற்றிருந்தால் 14 நாள்தான்). ஆனால் அந்தக் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். நிரப்பிய 29ஆம் படிவத்தின் ஒரு பிரதியை டெலிவரி கொடுத்த அன்றே உங்கள் அலுவலகத்துக்கு விரைவு அஞ்சலில் ஒப்புகையுடன் அனுப்பிவிடுங்கள். அதனால் மட்டும் இழப்பீட்டுப் பொறுப்பு நீங்கிவிடாது, பெயர் மாறினால்தான் நீங்கும். ஆனால் நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

இன்ஷூரன்ஸ் பற்றி உங்கள் மகனுக்கும் அந்தத் தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இதில் இழப்பு வாங்குகிறவருக்கு. கார் கைமாறியதும் மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாகவே புது உரிமையாளருக்குப் போய்விடும் என்று சட்டம் சொல்கிறது. காருக்கே ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படிப் போகாது. வாங்கியவர் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் போய் மரத்தில் மோதினால், அவருக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. அவ்வளவு ஏன், பெயர் மாற்றுவதற்கு முன் உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? நீங்கள் போட்டுக் கொடுத்த கையெழுத்தை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் வாரிசுகள் 31ஆம் படிவத்தில் காரைத் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகுதான் அவருக்கு மாற்ற முடியும். தெரிந்த பையன் என்பதால்தான் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று மகனிடம் சொல்லுங்கள். தெரியாதவரோடு வழக்கு வந்தால் பணம்தான் போகும். இங்கே இரண்டு குடும்பங்களின் உறவும் போய்விடும்.

உங்கள் பாலிசியில் இத்தனை ஆண்டு சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி, உங்களுடையது, காருடையது இல்லை. விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால் மூன்று ஆண்டுக்குள் நீங்கள் வாங்கும் வேறு காருக்குப் பயன்படும். மகன் வாங்கும் காருக்குப் பயன்படாது.

ஃபாஸ்டேகை மறந்துவிடாதீர்கள். கார் போகும் நாளன்றே வங்கியின் செயலியிலோ உதவி எண்ணிலோ அதை மூடச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். "ஒரு மாதம் இருக்கட்டும் சார், பணத்தை அனுப்பிவிடுகிறேன்" என்று கேட்டாலும் சம்மதிக்க வேண்டாம். ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் உங்கள் கணக்கில் பணம் பிடிப்பது ஒரு பக்கம் இருக்க, அந்தக் கார் இன்னும் உங்கள் பயன்பாட்டில்தான் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதாடுவதற்கு அந்தக் குறுஞ்செய்திகளே போதும்.

இவ்வளவும் உங்களால் அலைந்து செய்ய முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று தரும் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அப்படி அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைத்து, 29சி படிவத்தில் பரிவாஹன் தளம் வழியாகத் தெரிவித்துவிட்டால், அதிலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். விலை கொஞ்சம் குறையும், நிம்மதி கிடைக்கும். ஆனால் பலகையில் 'கார் கன்சல்டிங்' என்று எழுதியிருப்பதெல்லாம் அங்கீகாரம் ஆகிவிடாது. சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, காரைக்காலில் விண்ணப்பம் கொடுத்த பிறகு வாரம் ஒருமுறை எம்-பரிவாஹன் செயலியில் உங்கள் கார் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரும் எண்ணும் மாறிவிட்டன என்று தெரிந்ததும், புது ஆர்.சி.யின் நகல் ஒன்றைத் தம்பியிடம் கேட்டு வாங்கி டெலிவரி ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஆகியும் மாறவில்லை என்றால் அவருக்கு எழுத்து மூலம் நினைவூட்டி, அதன் நகலை இரண்டு அலுவலகங்களுக்கும் அனுப்புங்கள். பாலிசி முடிய மூன்று வாரம் இருக்கும்போதும் பெயர் மாறாமலேயே இருந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள், வழக்கறிஞர் அறிவிப்பு எப்படி அனுப்புவது என்று சொல்கிறேன்.